மோனோ ஏரி பாக்டீரியாவும் ஆர்சனிக் டி.என்.ஏ. கூற்றும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் மோனோ ஏரிச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, பாஸ்பரஸ் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டி.என்.ஏ. உள்ளிட்ட பெருமூலக்கூறுகளில் சேர்த்துக்கொண்டு வளர்கிறது என்று 2010 டிசம்பர் 2 அன்று 'சயின்ஸ்' இதழின் இணையப் பதிப்பில் ஓர் ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2025 ஜூலை 24 அன்று, அதே இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடையில் நடந்த விவாதத்தைப் பலர் ஊடகப் பரபரப்பின் கதையாகவும், சிலர் வலைப்பதிவுகள் அறிவியல் இதழ்களை வென்ற கதையாகவும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் இந்த நிகழ்வின் மையம் வேதியியல்தான். ஒரு தனிமம் செல்லுக்குள் காணப்படுகிறது என்பது ஒரு கூற்று; அந்தத் தனிமம் செல்லின் கட்டுமானத்தில் பிணைந்திருக்கிறது என்பது முற்றிலும் வேறான, பல மடங்கு கடினமான கூற்று. முதலாவதற்குப் போதுமான சான்றை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொன்னதே இங்கு நேர்ந்த பிழை.

பாஸ்பரஸ் செய்யும் வேலை

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய ஆறும் அறியப்பட்ட எல்லா உயிர்களின் பெரும்பகுதியையும் ஆக்குகின்றன. இவற்றுள் பாஸ்பரஸ் தனித்து நிற்கிறது. புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்றில்கூட அது இல்லை. சர்க்கரைகளிலும் எளிய கொழுப்புகளிலும் இல்லை. ஆனால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளில் ஒவ்வொரு சர்க்கரையையும் அடுத்த சர்க்கரையுடன் இணைப்பது பாஸ்பேட்தான். செல்லின் ஆற்றல் பரிமாற்றத்துக்கு அடிப்படையான ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. செல்சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பாலானவை பாஸ்பேட் தலையைக் கொண்டவை.

இயற்கை இந்த வேலைகளுக்கெல்லாம் பாஸ்பேட்டையே ஏன் பயன்படுத்துகிறது என்ற வினாவுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987இல் தெளிவான விடை தந்தார். பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று கைகள் உண்டு. அவற்றுள் இரண்டு, இருபுறமும் உள்ள சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டாலும், மூன்றாவது எதிர்மின்சுமையுடன் எஞ்சி நிற்கும். அந்த எதிர்மின்சுமை மூலக்கூறு சவ்வைத் தாண்டிக் கசிந்துவிடாமல் தடுக்கிறது. பிணைப்பைத் தாக்க வரும் நீர் மூலக்கூற்றையும் ஹைட்ராக்சைடு அயனியையும் விலக்கி வைக்கிறது. இதனால் பாஸ்பேட் பிணைப்பு, ஆற்றல் கணக்கின்படி நீரில் உடைய வேண்டியதாக இருந்தும், நொதி ஒன்று வந்து தொடும்வரை ஏறத்தாழ உடையாமலே இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் டி.என்.ஏ.வின் ஒரு பாஸ்பேட் பிணைப்பு தானாக நீராற்பகுப்பு அடைவதற்கான அரைவாழ்வு சுமார் 3 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டுள்ளது. தகவலைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்த வேண்டிய மூலக்கூற்றுக்கு இந்தப் பொறுமை இன்றியமையாதது. பின்னால் வந்த விவாதம் முழுவதும் இந்த ஒரு பண்பைச் சுற்றியே நடந்தது என்பதால் இதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருதுகோள் வந்த வழி

தனிம அட்டவணையின் 15ஆம் தொகுதியில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே இருப்பது ஆர்சனிக். ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் ஆர்சனேட் அயனி, வடிவத்திலும் மின்சுமையிலும் பாஸ்பேட்டைப் பெரிதும் ஒத்தது. அளவில் சுமார் 4 சதவீதமே பெரியது. ஆர்சனிக்கின் நஞ்சில் ஒரு பகுதி இந்த ஒற்றுமையிலிருந்தே வருகிறது. பாஸ்பேட்டுக்காகத் திறக்கும் கடத்திகள் வழியாக ஆர்சனேட் செல்லுக்குள் நுழைகிறது. சர்க்கரை சிதைவுப் பாதையில் பாஸ்பேட் ஏற வேண்டிய இடத்தில் தான் ஏறிக்கொள்கிறது. ஏறிய வேகத்திலேயே நீர் பட்டு உதிர்ந்தும் விடுகிறது. அந்தப் படியில் கிடைத்திருக்க வேண்டிய ஏ.டி.பி. கிடைக்காமல் போகிறது. வேதியியல் மாணவர் எவரும் பட்டப்படிப்பிலேயே படித்துவிடும் செய்தி இது.

ஆயினும் 2009இல் ஃபெலிசா வுல்ஃப்-சைமன், ஏரியல் அன்பார், பால் டேவிஸ் ஆகியோர் ஒரு கட்டுரையில் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: ஆர்சனிக் மிகுந்த சூழலில் தோன்றிய உயிர் ஒன்று, அதை நஞ்சாகக் கொள்ளாமல் கட்டுமானப் பொருளாகவே எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? கேள்வி வீணானதன்று. ஒரு தனிமத்துக்குப் பதில் இன்னொன்று வேலை செய்வதற்கு உயிரியலில் முன்னுதாரணங்கள் உண்டு. சில நுண்ணுயிர்களின் நொதிகளில் மாலிப்டினத்தின் இடத்தில் டங்ஸ்டன் இருக்கிறது. டயாட்டம் என்ற வகைக் கடல் நுண்பாசி ஒன்றில் துத்தநாகத்தின் வேலையைக் காட்மியம் செய்கிறது. நண்டு, நத்தை போன்றவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அன்று, செம்பு. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஒரு புரதத்தின் நடுவில் பொருத்தப்பட்ட ஓர் உலோக அயனியைப் பற்றியவை. செல்லில் சிற்றளவே தேவைப்படுபவை. டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் லட்சக்கணக்கான இடங்களில், உலர் எடையில் சதவீதக் கணக்கில் உள்ள ஒரு தனிமத்தை மாற்றுவதும் இதுவும் ஒரே தரத்தவை அல்ல. கருதுகோளின் இந்தப் பலவீனம் அப்போதே போதிய அளவு பேசப்படவில்லை.

ஏரியும் குடுவையும்

சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள மோனோ ஏரிக்கு வெளியேறும் ஆறு கிடையாது. வந்து சேரும் நீர் ஆவியாகிக் கொண்டே இருப்பதால் கரைந்த பொருள்கள் எல்லாம் தேங்கிச் செறிவடைகின்றன. 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் இந்தச் செறிவு மேலும் கூடியது. நீர் கடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உப்பானது, பி.எச். ஏறத்தாழ 9.8. ஆர்சனிக்கின் அளவு சுமார் 200 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்குச் சுமார் 15 மில்லிகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதை வைத்துப் பார்த்தால் இது 1,500 மடங்கு. அந்த நீரிலும் உப்புநீர் இறால்களும் கார ஈக்களும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன.

இந்த ஏரியின் நுண்ணுயிர்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் ரொனால்ட் ஓரம்லாண்ட் நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஆக்சிஜனுக்குப் பதிலாக ஆர்சனேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களையும், ஆர்சனிக்கின் மற்றொரு வடிவமான ஆர்சனைட்டை எலெக்ட்ரான் ஊற்றாகக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களையும் அவருடைய குழு விவரித்திருந்தது. இவை ஐயத்துக்கிடமற்ற, அருமையான கண்டுபிடிப்புகள். ஆனால் இவற்றில் ஆர்சனிக் ஆற்றலுக்காகச் செல்லின் வழியே கடந்து போகும் பொருளே தவிர, செல்லின் உடலில் தங்கும் பொருள் அன்று.

ஓரம்லாண்டின் ஆய்வகத்தில் நாசா உதவித்தொகையுடன் பணியாற்றிய வுல்ஃப்-சைமன், ஏரிச் சேற்றைக் குளுக்கோஸ், வைட்டமின்கள், சிற்றளவு உலோகங்கள் அடங்கிய, பாஸ்பேட் சேர்க்காத வளர் ஊடகத்தில் இட்டு, ஆர்சனேட்டின் அளவைப் படிப்படியாகக் கூட்டினார். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாக நீர்த்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றியதன் நோக்கம், சேற்றோடு வந்த பாஸ்பேட்டைக் கழித்துக்கட்டுவது. இப்படித் தேறி வந்த ஹாலோமோனாஸ் குடும்பத்துப் பாக்டீரியாவுக்கு ஜி.எஃப்.ஏ.ஜே.-1 என்று பெயர் வைத்தார். 'ஃபெலிசாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. நிலையான பணி இல்லாத இளம் ஆய்வாளரின் இந்த நகைச்சுவை பிற்காலத்தில் அவருக்கு எதிராகவே பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது வருத்தத்துக்குரியது.

முடிவுகள் மேலோட்டத்தில் வலுவாகவே தோன்றின. 40 மில்லிமோலார் ஆர்சனேட் இட்டு, பாஸ்பேட் சேர்க்காத குடுவையில் பாக்டீரியா ஆறு நாட்களில் இருபது மடங்குக்கும் மேல் பெருகியது. பாஸ்பேட் இட்ட குடுவையில் இதைவிட வேகமாக வளர்ந்தது. இரண்டும் சேர்க்காத குடுவையில் வளரவில்லை. பாஸ்பேட்டில் வளர்ந்த செல்களின் உலர் எடையில் 0.54 சதவீதமாக இருந்த பாஸ்பரஸ், ஆர்சனேட்டில் வளர்ந்தவற்றில் 0.02 சதவீதமாகக் குறைந்தது. அவற்றில் ஆர்சனிக் 0.19 சதவீதம் இருந்தது. கதிரியக்க ஆர்சனிக் கொண்டு தேடியபோது அதன் பெரும்பகுதி புரதங்கள் சேரும் பீனால் பிரிவிலும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. கரைந்திருக்கும் நீர்ப் பிரிவிலும் கிடைத்தது. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்த டி.என்.ஏ. பட்டையிலும் ஆர்சனிக் காணப்பட்டது. ஆர்சனிக் அணுவைச் சுற்றி ஆக்சிஜன்கள் நிற்கும் தொலைவை எக்ஸ்-கதிர் அளவீடு காட்டியபோது, அது டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் அமர்ந்திருக்கும் விதத்தோடு ஒத்துப்போகிறது என்று ஆசிரியர்கள் எழுதினார்கள்.

கட்டுரையின் இணைப்பில் இன்னோர் எண்ணும் இருந்தது. ஊடகம் தயாரிக்கப் பயன்படுத்திய உப்புகளில் கலந்திருந்த மாசினால், 'பாஸ்பேட் அற்ற' குடுவையிலும் சுமார் 3.1 மைக்ரோமோலார் பாஸ்பேட் இருந்தது. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. அளந்து, வெளிப்படையாகவே பதிவு செய்திருந்தார்கள். இவ்வளவு சிறிய அளவு வளர்ச்சியைத் தாங்காது என்பது அவர்களுடைய கணிப்பு.

அறிவிப்பு

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னதாக, வேற்றுலக உயிர்ச் சான்றுகளுக்கான தேடலைப் பாதிக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிச் செய்தியாளர் கூட்டம் நடத்தப்போவதாக நாசா அறிவித்தது. சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதோ என்றுகூட இணையத்தில் ஊகங்கள் பரவின. வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில் ஐயம் தெரிவிக்கும் தரப்பாக வேதியியலாளர் ஸ்டீவன் பென்னரையும் மேடையில் அமர்த்தியிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்; அவருடைய ஐயம் மறுநாள் தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை.

ஆட்சேபங்கள்

டிசம்பர் 4 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் தம் வலைப்பதிவில் கட்டுரையை வரிவரியாக ஆராய்ந்து எழுதினார். அப்போது ஹார்வர்டிலிருந்த அலெக்ஸ் பிராட்லியும் ஏறத்தாழ அதே நேரத்தில் எழுதினார். விவாதம் அறிவியல் இதழ்களில் நடக்க வேண்டுமே தவிர வலைப்பதிவுகளில் அன்று என்ற நிலைப்பாட்டை நாசா தரப்பு எடுத்தது. தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் அறிவிக்கப்பட்ட ஒரு முடிவுக்கு இந்த வாதம் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. எப்படியாயினும், 2011 ஜூனில் அச்சு இதழில் கட்டுரை வெளியானபோது, எட்டு தொழில்நுட்ப விமர்சனங்களும் ஆசிரியர்களின் பதிலும் உடன் வெளியாயின.

முதல் ஆட்சேபம் மாசு பற்றியது. 3.1 மைக்ரோமோலார் உண்மையில் சிறிய அளவா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் அதன்படி ஏறத்தாழ 1,900 லட்சம் கோடி பாஸ்பேட் அயனிகள் இருக்கும். அந்த மில்லிலிட்டரில் இரண்டு கோடி செல்கள் வளர்வதாக வைத்துக்கொண்டால், செல் ஒன்றுக்கு ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட பாஸ்பேட்கள் கிடைக்கும். பாக்டீரியாவின் மரபுத்தொகுதி 40 லட்சம் காரஇணைகள் நீளமுடையது என்று கொண்டால், ஒரு பிரதிக்கு 80 லட்சம் பாஸ்பேட்கள் போதும். அதாவது டி.என்.ஏ.வின் தேவையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் கையிருப்பில் இருந்தது, மீதியை ஆர்.என்.ஏ.வுக்கும் ஏ.டி.பி.க்கும் பங்கிட்டுச் சிக்கனமாக வாழ முடியும். சர்காசோ கடலின் மேற்பரப்பு நீரில் பாஸ்பேட் 10 நானோமோலாருக்கும் குறைவு, அந்தக் குடுவையில் இருந்ததில் முந்நூறில் ஒரு பங்கு. அங்கேயும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அங்குள்ள மிதவைத் தாவரங்கள் பாஸ்பரஸைச் சேமிக்கத் தம் சவ்வுக் கொழுப்புகளில் கந்தகம் கொண்டவற்றைப் பயன்படுத்துகின்றன என்பது 2009இலேயே வெளியான முடிவு. ஆக, உலர் எடையில் பாஸ்பரஸ் குறைந்திருப்பது ஆர்சனிக் அதன் இடத்தைப் பிடித்ததற்கான சான்றாகாது. பட்டினி கிடக்கும் செல் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் தூய்மைப்படுத்தல் பற்றியது. லிட்டருக்கு 3 கிராம் ஆர்சனிக் கரைந்த ஊடகத்தில் வளர்ந்த செல்லிலிருந்து எதைப் பிரித்தெடுத்தாலும் அதில் ஆர்சனேட் ஒட்டிக்கொண்டு வரும். களையாத அரிசியில் தவிடு ஒட்டியிருப்பதைக் கொண்டு அரிசியே தவிட்டால் ஆனது என்று சொல்ல முடியாது. கதிரியக்க ஆர்சனிக் காணப்பட்ட நீர்ப் பிரிவில், டி.என்.ஏ.வோடு சேர்ந்து, தனித்துக் கரைந்திருக்கும் ஆர்சனேட் உள்ளிட்ட நீரில் கரையும் எல்லாமே இருக்கும். அகரோஸ் ஜெல்லில் ஓட்டுவதும் முழுமையான தூய்மையாக்கம் ஆகாது. ஜெல்லில் ஓட்டுவதற்கு முன்போ வெட்டியெடுத்த பின்போ டி.என்.ஏ.வை நன்கு அலசியிருக்க வேண்டும் என்று ரெட்ஃபீல்ட் சுட்டிக்காட்டினார். அது எந்த மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்திலும் தினமும் நடக்கும் வேலை.

மூன்றாவது ஆட்சேபமே வேதியியலாளர்களின் பார்வையில் அடிப்படையானது. ஆர்சனேட் எஸ்டர்கள், அதாவது சர்க்கரை போன்றவற்றோடு ஆர்சனேட் ஏற்படுத்தும் பிணைப்புகள், நீரில் நிற்பதில்லை. மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, டி.என்.ஏ. முதுகெலும்பில் ஆர்சனிக் இருந்தால் அந்தப் பிணைப்பின் அரைவாழ்வு 25 டிகிரியில் ஏறத்தாழ 0.06 விநாடி. பாஸ்பேட்டின் 3 கோடி ஆண்டுகளுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய எண் இது. செல்லுக்குள் காணப்பட்ட வெற்றிடம் போன்ற பகுதிகள் நீரை விலக்கி ஆர்சனேட் பிணைப்புகளைப் பாதுகாக்கக்கூடும் என்று ஆசிரியர்கள் விளக்கம் தந்தார்கள். ஆனால் அவர்களே அந்த டி.என்.ஏ.வைச் செல்லிலிருந்து வெளியே எடுத்து, நீர்க் கரைசலில் வைத்து, ஈரமான ஜெல்லில் ஓட்டி, சிதையாத நீண்ட பட்டையாகப் படம் பிடித்திருந்தார்கள். பாதுகாக்கும் சூழல் எதுவும் அங்கே இல்லை. தங்கள் ஜெல் படமே தங்கள் கூற்றை மறுக்கிறது என்று பிராட்லி எடுத்துக்காட்டிய இந்த வாதத்துக்கு நிறைவான பதில் இன்றுவரை வரவில்லை.

வான்கூவரும் சூரிச்சும்

கேட்ட ஆய்வகங்களுக்குப் பாக்டீரியாவை வழங்க ஆசிரியர்கள் தயங்கவில்லை; இல்லையெனில் இந்த நிகழ்வு வெறும் சொற்போராகவே முடிந்திருக்கும். வான்கூவரில் ரெட்ஃபீல்ட் அதை வளர்த்து, சோதனையின் ஒவ்வொரு கட்டத்தையும், வளர மறுத்த நாட்கள் உட்பட, தம் வலைப்பதிவில் எழுதிவந்தார். ஊடகத்தில் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்த பிறகே பாக்டீரியா ஒழுங்காக வளர்ந்தது. பாஸ்பேட் குறைவாக உள்ளபோது ஆர்சனேட் சேர்ப்பதால் வளர்ச்சி கூடவில்லை என்று அவர் கண்டார். டி.என்.ஏ.வைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே சீசியம் குளோரைடு அடர்த்திச் சரிவில் அதிவேக மையவிலக்குச் செய்து, நொதிகளால் சிறு துண்டுகளாக்கி, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறைநிறமாலைமானியில் இட்டுப் பார்த்தார்கள். மையவிலக்கில் டி.என்.ஏ. தன் அடர்த்திக்குரிய இடத்தில் தனிப் பட்டையாக நின்றுவிடும். ஒட்டிக்கொண்டு வந்த தனி ஆர்சனேட் விலகிவிடும். எஞ்சியிருந்தது நுண்ணளவு தனி ஆர்சனேட் மட்டுமே. சர்க்கரையோடு பிணைந்த ஆர்சனிக் கண்டறியும் எல்லைக்குள் எங்கும் இல்லை. ஆர்சனேட் பிணைப்புகள் இருந்தால் தானாகவே உடைந்து துண்டாகியிருக்க வேண்டிய அந்த டி.என்.ஏ., நாட்பட வைத்திருந்த பிறகும் நீண்ட இழையாகவே இருந்தது.

சூரிச்சில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஜூலியா ஃபோர்ஹோல்ட், டோபியாஸ் எர்ப் ஆகியோரின் குழு இதே கேள்வியை மற்றொரு முனையிலிருந்து அணுகியது. 1.7 மைக்ரோமோலார் பாஸ்பேட் இருந்தால், 40 மில்லிமோலார் ஆர்சனேட்டின் நடுவிலும் பாக்டீரியா வளர்ந்தது. பாஸ்பேட்டை 0.3 மைக்ரோமோலாருக்குக் கீழே இறக்கியபோது, எவ்வளவு ஆர்சனேட் இருந்தும் வளரவில்லை. மூல ஆய்வில் மாசு என்று ஒதுக்கப்பட்ட 3.1 மைக்ரோமோலார் இந்த இரண்டு எண்களுக்கும் மேலே நிற்கிறது. ஆர்சனிக் ஏறிய சர்க்கரை மூலக்கூறுகள் சிலவற்றை இக்குழு கண்டதும் உண்மையே. ஆனால் அவை உயிரியின் துணையின்றி, குளுக்கோஸும் ஆர்சனேட்டும் கலந்த கரைசலில் தாமாகவே உண்டாகக்கூடியவை. இரண்டு ஆய்வுகளும் 2012 ஜூலை 8 அன்று 'சயின்ஸ்' இதழிலேயே வெளியாயின.

இரண்டும் சேர்க்காத குடுவை

இங்கே ஒரு நியாயமான கேள்வி மிஞ்சுகிறது. விவாதத்தைச் சுருக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாசாக இருந்த பாஸ்பேட்டே வளர்ச்சிக்குக் காரணம் என்றால், ஆர்சனேட்டும் சேர்க்காத குடுவையில் பாக்டீரியா ஏன் வளரவில்லை? மூல ஆய்வின் மிக வலுவான சான்று அதுதான்.

2012இல் மயாமி பல்கலைக்கழகத்தின் முர்ரே டாய்ச்சர் குழு, சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு செய்த ஆய்வில் ஒரு விடை கிடைக்கிறது. ஆர்சனேட் பட்டதும், புரதங்களை உருவாக்கும் செல்லின் ரைபோசோம்கள் பெருமளவில் சிதைகின்றன. பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.யில் மிகப் பெரும்பகுதி ரைபோசோமில்தான் இருக்கிறது. எனவே அது ஒரு பாஸ்பேட் கிடங்கு போன்றது. அது உடைந்தால் உள்ளிருப்பிலிருந்தே பாஸ்பேட் விடுபடுகிறது. அதைக் கொண்டு செல் நீண்ட தாமதத்துக்குப் பிறகு மெல்ல வளர்கிறது. ஆர்சனேட் இங்கே உணவாகவில்லை. செல் தன் சேமிப்பைத் தானே உடைத்துத் தின்னும்படி அது தூண்டுகிறது. ஜி.எஃப்.ஏ.ஜே.-1இலும் இதுவே நடந்தது என்று ஈ.கோலையை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும், டி.என்.ஏ.வின் வேதியியலைத் தலைகீழாக்காமலே அந்தக் குடுவையின் நடத்தையை விளக்க முடியும் என்பதற்கு இது போதும். மேலும், வான்கூவர் சோதனைகளில் ஆர்சனேட்டால் வளர்ச்சி கூடவே இல்லை என்பதால், விளக்கம் தேவைப்படும் நிகழ்வே அங்கு மறுபடி தோன்றவில்லை.

திரும்பப் பெறுதல்

மூலக் கட்டுரையை மூன்று மதிப்பாய்வாளர்கள் படித்திருந்தார்கள். அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 'யு.எஸ்.ஏ. டுடே' நாளிதழ் பெற்று 2013இல் வெளிப்படுத்திய அவர்களுடைய குறிப்புகள், அவர்கள் கட்டுரையைப் பெரிதும் பாராட்டியதைக் காட்டுகின்றன. தூய்மையாக்கம் பற்றியும் நீராற்பகுப்பு பற்றியும் வெளியில் இரண்டே நாளில் எழுந்த கேள்விகளுக்கு அந்தக் கட்டத்தில் உரிய எடை கிடைத்திருந்தால், மறு ஆய்வுகள் 2012இல் செய்த மையவிலக்கையும் நிறைநிறமாலையையும் ஆசிரியர்களே 2010இல் செய்திருப்பார்கள்.

2012க்குப் பிறகு துறைக்குள் இந்தக் கூற்றை எவரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லலாம். ஆயினும் கட்டுரை 2025 வரை பதிவில் நின்றது. இதழின் தலைமை ஆசிரியர் ஹோல்டன் தார்ப் காலத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, மோசடியோ தரவுத் திரிபோ இல்லாதபோதும், சோதனைகள் முக்கிய முடிவுகளைத் தாங்கவில்லை என்று இதழ் கருதினால் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். இந்தக் கட்டுரை அந்த அடிப்படையில்தான் திரும்பப் பெறப்பட்டது. முறைகேடு எதுவும் குற்றம் சாட்டப்படவில்லை. கட்டுரையை எழுதியவர்கள் இதை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையாசிரியர்களின் ஆட்சேபத்துக்கே என் சாய்வு. அவர்கள் அளந்த எண்களை எவரும் பொய்யென்று சொல்லவில்லை, 3.1 மைக்ரோமோலார் என்ற எண்ணே அவர்கள் தந்ததுதான், அதைக் கொண்டே அவர்களை மறுக்க முடிந்தது. தவறான முடிவை எட்டிய நேர்மையான ஆய்வுக்கு மறுப்புக் கட்டுரையே உரிய இடம்; அந்த மறுப்பு 2012இல் அதே இதழில் பதிவாகிவிட்டது. மறுபுறம், பாடநூல் எழுதுபவரோ தேடுபொறியில் வருபவரோ மறுப்புவரை படிப்பதில்லை என்ற இதழின் கவலையையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

அந்த ஏரியில் அது வாழும் முறை

ஜி.எஃப்.ஏ.ஜே.-1 பற்றிய பயனுள்ள கண்டுபிடிப்பு வேறோர் இடத்திலிருந்து வந்தது. மோனோ ஏரியில் ஆர்சனிக் மிகுதி. ஆனால் பாஸ்பேட்டும் அங்கே தாராளமாக உண்டு, உயிரிப் பெருக்கத்தை அங்கே கட்டுப்படுத்துவது நைட்ரஜன் பற்றாக்குறையே. ஆகவே அந்த ஏரியில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்குப் பாஸ்பேட்டுக்கு மாற்றுத் தேட வேண்டிய நெருக்கடி இல்லை. அதற்குத் தேவைப்படுவது, ஒன்றையொன்று ஒத்த இரண்டு அயனிகளில் சரியானதை மட்டும் பொறுக்கியெடுக்கும் திறன்.

இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த டான் டாஃபிக், மைக்கேல் எலியாஸ் குழுவினர், சூரிச் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 2012 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் இந்தத் திறனை விளக்கினார்கள். பாஸ்பேட்டைப் பிடித்து உள்ளே அனுப்பும் புரதங்கள் ஐந்தை வெவ்வேறு பாக்டீரியாக்களிலிருந்து எடுத்துச் சோதித்தபோது, ஆர்சனேட் 500 மடங்கு மிகுதியாக இருந்தாலும் அவை பாஸ்பேட்டையே பிடித்தன. ஜி.எஃப்.ஏ.ஜே.-1இன் புரதங்களில் ஒன்று 4,500 மடங்கு மிகுதியிலும் ஏமாறவில்லை. வேறொரு பாக்டீரியாவின் அத்தகைய புரதத்தைப் படிகமாக்கி, ஒரு ஆங்ஸ்ட்ரமுக்கும் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) குறைந்த நுணுக்கத்தில் அதன் அமைப்பைப் படமெடுத்தார்கள். புரதத்தின் குழிவுக்குள் பாஸ்பேட்டோ ஆர்சனேட்டோ அமரும்போது பன்னிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அதைச் சூழ்கின்றன. பதினொன்று இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அயனிக்கும் அஸ்பார்டிக் அமிலம் ஒன்றுக்கும் இடையேயான பன்னிரண்டாவது பிணைப்பு மட்டும் மிகக் குறுகியது. ஆர்சனேட்டின் அந்த 4 சதவீதப் பருமன், குழிவுக்குள் அதைச் சற்றே தள்ளி நிறுத்தி, அந்தப் பிணைப்பின் கோணத்தைத் திரித்துவிடுகிறது. பாக்டீரியா ஆர்சனிக்கைத் தன் கட்டுமானத்தில் சேர்த்துக்கொள்வதால் அன்று, வாசலிலேயே இந்தக் கோணத்தைக் கொண்டு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதாலும், தப்பி நுழைவதை ஆர்சனைட்டாக மாற்றி வெளியே இறைத்துவிடும் பொறிமுறைகள் பாக்டீரியாக்களிடம் பரவலாக இருப்பதாலும்தான் அத்தகைய நீரில் வாழ முடிகிறது.